‘போல்’ என்றால் தலை

1

பத்தொன்பது வருடமாக இங்கே எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வங்கியில், மருத்துவமனையில், நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குளிர்பதனக் கிடங்கில், எங்கே போனாலும் மிஸ்டர் ஏழுமலை. அதையும் ஆளுக்கொரு விதமாக மென்று துப்புவார்கள். திருவொற்றியூரில் என் அப்பா எதிரில் அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாசலில் யாராவது வந்து ஏழுமலை இருக்காரா என்று கேட்டால், உள்ளே திரும்பி “நைனா, உன்னத்தான்” என்பேன். அப்படி வளர்ந்தவன், இங்கே தொலைபேசியில் முன்பின் தெரியாத பெண்களிடம் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆரம்பித்தது. பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர் அங்கே உட்கார்ந்திருப்பார். என் பெயர் ஏ. சேகர். அவர் இரண்டு கட்டங்களைக் காட்டினார். “சர்நேம காலியா வுட்டா அங்க போய் பேஜாரு சார். நைனா பேரு இன்னா? அத்த முழுசா போட்டுடு.” போட்டேன். ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு அடக்கமாக நின்ற எழுத்து, விமானம் ஏறியதும் பின்னால் போய் முழுப்பெயராக உட்கார்ந்துகொண்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனைவி மல்லிகா ராயபுரத்துப் பெண். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது கணவன் பெயர் என்று மல்லிகா சேகர் ஆனாள். ஹல் என்கிற இந்தத் துறைமுக ஊரில் மகள் பிறந்தபோது பதிவாளர் அம்மா ஒருவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். “குழந்தையின் குடும்பப் பெயர் ஏழுமலைதானே?” நான் பெருமையாக, இல்லை அம்மா, எங்கள் வழக்கப்படி பிள்ளைக்கு அப்பாவின் பெயர்தான் இனிஷியல், நான்தான் அப்பா, ஆகவே சேகர் என்று விளக்கினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். கயல்விழி சேகர். இப்படியாக ஒரே கூரைக்கு அடியில் காகிதப்படி நான் ஒரு குடும்பம், அவர்கள் இருவரும் இன்னொரு குடும்பம்.

அதன் பலனை கயலுக்கு ஏழு வயதாகும்போது அனுபவித்தோம். மாமியாருக்கு அறுவை சிகிச்சை என்று மல்லிகா ராயபுரத்தில் தங்கிவிட்டாள். நானும் கயலும் மட்டும் திரும்பினோம். விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இந்தக் குழந்தை உங்களுக்கு யார்? மகள். பெயர் வேறாக இருக்கிறதே? நான் இனிஷியல் பாடத்தை ஆரம்பித்தேன். அவர் எங்களை ஓரமாக ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார். ராயபுரத்துக்குப் போன் போட்டு மல்லிகாவிடம் பேசி முடிக்கும்வரை ஒன்றரை மணி நேரம். அங்கே வேலை பார்த்த ஓர் அம்மாள் முழங்காலிட்டு கயலிடம் மெதுவாகக் கேட்டார், “இவரை உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்?” கயல் என் சட்டை நுனியைப் பிடித்த பிடி வீடு வந்து சேரும்வரை விடவில்லை. சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2

இந்த வருடம் கயலுக்குப் பதினெட்டு முடிந்தது. ஜனவரியில் கேக் வெட்டினோம். பிப்ரவரியில் பிரிண்டர் தட்டில் ஒரு தாள் கிடந்தது.

மின்கட்டண ரசீது அச்சிடப் போனவன் அதை எடுத்துப் பார்த்தேன். மேலே தடித்த எழுத்தில் ‘டீட் போல்’. இந்த நாட்டில் பெயரை மாற்றிக்கொள்ள எழுதும் பத்திரம் அது. முதல் பக்கம் மட்டும் இருந்தது. கயல்விழி சேகர் ஆகிய நான் என் பழைய பெயரை முற்றிலும் துறந்து, விலக்கி, கைவிடுகிறேன் என்று இருந்தது. புதிய பெயர் அடுத்த பக்கத்தில் போலிருக்கிறது. அந்தப் பக்கம் இல்லை.

துறந்து, விலக்கி, கைவிடுகிறேன். ஒரு பெயரைக் கழற்றிப் போட மூன்று வினைச்சொல் எதற்கு என்று கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. எனக்குத் தெரிந்தவர் மகன் முருகவேல் போன வருடம்தான் மார்க் வேல் ஆனான். என் மகளை ஏற்கெனவே பள்ளியில் ‘கே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிறு வயதில் அம்மாவின் ராயபுரம் பாஷையை அப்படியே பேசுவாள், கிடங்கிலிருந்து வந்தால் “இன்னாப்பா லேட்டு” என்பாள். பதினான்கு வயதுக்கு மேல் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். சாப்பாட்டு மேசையில் காதில் பாட்டுக் கேட்கும் ஒரு கருவி. வரிசையாக எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தேன். கடைசிக் கண்ணி இந்தத் தாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதுதான் பயம்.

மல்லிகாவுக்கு விஷயம் தெரியும் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. “இன்னாயா ஒரு வாரமா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?” என்று கேட்டாள்.

“உன் பொண்ணு பேர மாத்தப் போறாளாமே.”

“அவளே சொல்லுவா. நீ நடுவுல பூந்து கலீஜ் பண்ணாத” என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. உன் பொண்ணு என்றால் நம்ம பொண்ணு என்று திருத்துகிறவள், அன்று திருத்தவும் இல்லை.

3

இந்த நேரத்தில்தான் உள்ளூர் தேர்தலில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வாக்குச்சாவடியில் பட்டியலைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் எழுத்தர். அதற்கு இங்கே ‘போல் கிளார்க்’ என்று பெயர். பயிற்சிக்கு வரச் சொல்லி வந்த கடிதத்திலும் போல், என் வீட்டுப் பிரிண்டரிலும் போல். இரண்டுக்கும் என்ன உறவு என்று மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

பயிற்சி வகுப்பில் எங்கள் சாவடிக்குத் தலைமை அதிகாரியாக வரப்போகும் மார்கரெட் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற நூலகர். நான் ஆர்வக்கோளாறில், “இங்கே பதினொரு மணிக்கு எவ்வளவு போல் ஆகும்?” என்று கேட்டேன். நம் ஊரில் தேர்தல் அன்று டீக்கடை தவறாமல் கேட்கும் கேள்வி அது. எவ்ளோ போல் ஆச்சு, நம்ம தெருவுல போல் கம்மி. மார்கரெட்டுக்குப் புரியவில்லை. அவருக்குப் போல் என்பது ஒரு நிகழ்ச்சி. நமக்கு அது தண்ணீர் லாரி மாதிரி, எவ்வளவு நிரம்பியது என்று எட்டிப் பார்க்கிற விஷயம். பத்திரத்திலும் தேர்தலிலும் ஒரே சொல் ஏன் என்று கேட்டேன். “எனக்கும் சரியாகத் தெரியாது. பழைய அகராதியில் பாருங்கள். பெரிய நூலகத்தின் இரண்டாம் மாடி” என்றார்.

போனேன். அகராதி ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. அதில் கண்டதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

போல் என்றால் முதலில் தலை. அவ்வளவுதான். இன்னும் சரியாகச் சொன்னால் மயிர் முளைக்கும் உச்சந்தலை. கூட்டத்தில் எத்தனை பேர் இந்தப் பக்கம், எத்தனை பேர் அந்தப் பக்கம் என்று தலையை எண்ணினார்கள். எண்ணுவதே போல் ஆனது. பிறகு எண்ணுகிற நாளும், எண்ணுகிற இடமும் போல் ஆயின. தலைக்கு இவ்வளவு என்று அரசன் வாங்கிய வரியும் போல் வரி. அதை நாம் தலைவரி என்றே சொல்லிவிட்டோம். கடைசியில் ஓட்டே போடாமல், யாருக்குப் போடுவீர்கள் என்று போனில் கேட்டுத் தொந்தரவு செய்வதற்கும் அதே பெயர் வந்துவிட்டது. தலையில் ஆரம்பித்த சொல், இப்போது தலையைப் பார்க்காமலே எண்ணுகிறது.

படிக்கப் படிக்க, இதில் அந்நியமாக என்ன இருக்கிறது என்று தோன்றியது. எங்கள் வீட்டில் தலைக்கு மூன்று இட்லி என்றுதான் கணக்கு.

இன்னொரு கிளையும் இருந்தது. தலை முடியை மழிப்பதும் போல். கொம்பில்லாத மாட்டுக்கும், உச்சி வெட்டிய மரத்துக்கும் அதே அடைமொழி. பழைய காலத்தில் இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவில் பல் பல்லாகக் கோணலாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுப்பார்களாம். சேர்த்து வைத்தால் பல் பொருந்த வேண்டும். நம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி அக்கரைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூலிகளின் ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் ‘இன்டென்ச்சர்’ என்று பெயர் வந்தது இந்தப் பல்லிலிருந்துதான். ஆனால் ஒருவர் மட்டும், தன்னைப் பற்றி மட்டும் எழுதிக்கொள்ளும் பத்திரத்துக்கு எதிர்ப்பாதி கிடையாது. அதன் ஓரத்தை மழித்த தலை மாதிரி நேராக வெட்டிவிடுவார்கள். அதுதான் டீட் போல். நம் ஊர்க் கணக்கில் மொட்டைப் பத்திரம்.

அகராதியை மூடினேன். சொல்லின் கதை பிடித்திருந்தது. ஆனால் என் மகள் எழுதுவது ஒருவர் மட்டுமே சம்பந்தப்பட்ட பத்திரம் என்று சட்டமே சொல்கிறது. பொருந்த வேண்டிய மறுபாதி என்னிடம் இருக்கிறது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. மழை பெய்ததால் வசதியாகப் போயிற்று.

4

என் அப்பாவுக்கு இந்த வேலை தெரிந்தால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆனால் தேர்தல் அன்று அவர் ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட். பட்டியலில் படம் போடாத காலம் அது. தேரடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வாக்காளர் பட்டியலும் ஓர் அடிஸ்கேலும் வைத்திருப்பார். அதிகாரி எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்பா அந்த வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, வந்தவரின் முகத்தைப் பார்த்து, பிறகுதான் கோடு போடுவார். அதிகாரி முணுமுணுத்தால் விடமாட்டார். “சார், சத்தமா. நாலு பேர் காதுல வியணும்” என்பார்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் வாசலில் நின்றிருந்தேன். அதிகாரி “கன்னியப்பன்” என்று படித்தார். ஓர் ஆள் விரலை நீட்டினான். அப்பா எழுந்துவிட்டார்.

“அய்யா, ஒரு நிமிட்டு. பேரு கன்னியப்பன்து. தல அவன் தம்பிது.”

அந்தத் தம்பி திருதிருவென்று விழித்தான். “அண்ணன் அத்திப்பட்டுல ஷிப்ட்டுக்குப் பூட்ச்சிண்ணே. ஓட்டு வீணாப் போவுதேன்னுதான்” என்றான். வேடிக்கை என்னவென்றால் அவன் அப்பாவின் கட்சிக்காரன். வெளியே கட்சி ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னா மாமு, நம்ம ஓட்டப் போய் தடுத்துட்ட?”

“நம்ம ஓட்டுன்னா நம்ம ஆளே வந்து போடணும். பேரும் தலையும் ஒத்துக்கணும். இல்லாங்காட்டி நான் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீறேன்?” என்றார். அடுத்த தேர்தலுக்கு அவரை ஏஜென்டாகப் போடவில்லை. அதற்கடுத்த தேர்தலில் அவர்களே வந்து கூப்பிட்டார்கள்.

இந்த வருடம் அங்கேயும் தேர்தல். தெருமுனையில் நின்று மை வைத்த விரலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எனக்கு இங்கே கிடைத்த வேலையைப் போனில் சொன்னேன். சிரிக்கவில்லை. “ஸ்கேலு கொடுப்பானா?” என்று மட்டும் கேட்டார்.

“கொடுப்பாங்க நைனா.”

கயல் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஒரே பேத்தி.

5

வீட்டுக்கு மூன்று வாக்காளர் அட்டைகள் வந்தன. கயலுடையதை அவளே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் தெருவுக்கான சாவடியிலேயே எனக்கு வேலை போட்டிருந்தார்கள். ஒரு தேவாலயத்தின் கூடம், மடக்கு மேசை, தகரப் பெட்டி, கயிற்றில் கட்டிய பென்சில்.

இங்கேயும் விதி அதேதான் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். வருகிறவரிடம் பெயரும் முகவரியும் கேட்க வேண்டும். அடையாள அட்டையில் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பட்டியலில் உள்ள எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். மூன்று மாதமாக வீட்டில் நான் கேட்காத கேள்வியை இந்த மேசையில் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். வேறு எழுத்தரிடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால், அந்தப் பையனுக்கு எதிர்ப்பக்கத் தெருக்களின் பட்டியல்.

விடிகாலையில் பட்டியலைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை. என் ஓட்டை மார்கரெட்டைப் பதியச் சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்கு மல்லிகா வந்தாள். எங்கள் வீட்டு வரிகளில் அவள் பெயர் கடைசி. மேலே உள்ள வரிகளை ஸ்கேலால் மூடிக்கொண்டு, “மல்லிகா சேகர்” என்று படித்துக் கோடு போட்டேன். அவள் ஸ்கேலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்குக் கயல் வந்தாள். முன்னால் ஒரு கிழவர், அவர் நாய், பிறகு அவள். காதில் கருவி இல்லை. அடையாள அட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டேன், “உங்கள் பெயர்?”

அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். “கயல்விழி ஏழுமலை.”

மென்று துப்பாமல், எழுத்து எழுத்தாக. திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் ஏயிமல என்றுதான் சொல்வார்கள். இவள் அதை எப்போது, யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

நான் அட்டையைத் திருப்பினேன். அதே பெயர், அவள் முகம். ஸ்கேலை எடுத்தேன். என் பெயருக்கு நேர் மேலே, ஏழுமலை, கயல்விழி. அதற்குக் கீழே, ஏழுமலை, சேகர். மூன்று மாதம் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போன சுகத்தை எப்படிச் சொல்வது? உடம்பே லேசாகிவிட்டது. அந்த நாற்காலியில் இருந்து எழுந்து ஓர் ஆட்டம் போட்டிருப்பேன், கூடத்தில் நாய் இருந்தது.

எண்ணைப் படித்தேன். பிறகு என் அப்பாவின் பெயரை, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூச்சமில்லாமல், கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். மார்கரெட் நிமிர்ந்து, “உறவா?” என்று கேட்டார்.

“என் அப்பா” என்றாள் கயல், தமிழில். அதை அவரும் தமிழிலேயே புரிந்துகொண்டார்.

தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்தேன். படியில் உட்கார்ந்திருந்தாள். என்னென்னவோ கேட்க நினைத்து, வாயில் வந்தது இதுதான்: “ஏம்மா, உன் இனிஷியல் ஏ-ன்னா, நீ தாத்தாவுக்குப் பொண்ணுன்னு ஆயிடுமே?”

“இங்க யாருப்பா இனிஷியல் கேக்கறா?” என்றாள். பிறகு ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு, “அந்தக் கண்ணாடி ரூம் ஞாபகம் கீதா?” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“அந்த அம்மா என்னாண்ட கேட்டாங்கல்ல, இவர எவ்ளோ நாளா தெரியும்னு. பதினெட்டு ஆனதும் இத்த மாத்திடணும்னு அன்னிக்கே நெனச்சேன். இனிமே உன்னையும் என்னையும் யாரும் தனியா உக்கார வெச்சு கேக்க மாட்டாங்க. உன் பேர மாத்தச் சொல்லலாம்னா, உன் பாஸ்போர்ட்டு, வேல, பேங்க்கு, எல்லாம் பேஜாரு. எனக்கு ஒண்ணும் பெரிசா இல்ல. அதான் நானே உன் பக்கம் வந்துட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ கேக்கவே இல்லியே. பிரிண்டர்ல பாத்துட்டுத் திருப்பி வெச்சியே, நான் மாடிப்படியிலதான் நின்னுகினு இருந்தேன்.”

என் பெயரை அவள் பெயரிலிருந்து எடுத்ததில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு சிட்டிகை இருந்தது. ஆனால் பழைய பெயரைத் துறந்து, விலக்கி, கைவிட்டு அவள் வந்து சேர்ந்த இடம் என் பக்கத்து வரி. அப்பன்காரன் இதற்கு மேல் என்ன கேட்பான்?

6

மறுநாள் காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன், கண்ணாடி அறையையும் சேர்த்து. இத்தனை வருடமாக அதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

“என் பேரயா?” என்றார் கடைசியில். “நல்ல பேரு எத்தினி கீது. இது இன்னாத்துக்குப் புள்ளைக்கு?”

“அவளாத்தான் வெச்சிகினா நைனா.”

அங்கே தெருவில் ஓர் ஆட்டோ போகும் ஒலி கேட்டது. பிறகு கேட்டார்.

“பூத்துல நீதான் படிச்சியா?”

“நான்தான் நைனா.”

“முணுமுணுன்னு படிச்சிருப்ப.”

“இல்ல. சத்தமா படிச்சேன்.”

“நாலு பேர் காதுல வியுந்துச்சா?”

“வியுந்துச்சு.”

“தலய பாத்தியா?”

“பாத்தேன் நைனா. பேரும் தலையும் ஒத்துகிச்சு.”

“அப்ப கோடு போடு” என்றார்.